சிறிய கடற்கன்னியை மறுபடி எழுதுவது: அவள் உண்மையில் எதைக் கேட்டாள்?

பதினேழு வயதுப் பெண்ணை நாயகியாக்கி, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையை இளையோருக்கான மிகுபுனைவு நாவலாக மறுபடி எழுதத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூலத்தில் எதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும், வாய் பேச முடியாத ஒருத்தியை வைத்து முந்நூறு பக்கங்களை எப்படி நகர்த்துவது, முடிவை மகிழ்ச்சியானதாக மாற்றலாமா, உரிமைச் சிக்கல் ஏதும் வருமா? நான்கு கேள்விகளாகத் தோன்றினாலும் முதல் மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெண் எதற்காகக் கடலை விட்டு வெளியே வருகிறாள் என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும். அதை முடிவு செய்யாமல் எழுதினால், பவள அரண்மனையை எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் நாற்பதாம் பக்கத்தில் கதை தரைதட்டி நின்றுவிடும்.

முதலில் மூலத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். 1989-இல் வந்த டிஸ்னி அனிமேஷன் படம் பெரும்பாலோர் மனத்தில் மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மறுபுனைவு எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பலர் உண்மையில் அந்தப் படத்தைத்தான் மறுபடி எழுதுகிறார்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதை 1837 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வெளியானது. இரண்டே கதைகள் கொண்ட சிறு நூல் அது. உடன் வந்த மற்றொரு கதை, ஆடையில்லாமல் ஊர்வலம் போன பேரரசனின் கதை. கடற்கன்னிக் கதையில் யாருக்கும் பெயரில்லை. ஆறு இளவரசிகளில் கடைசியானவள், தாயை இழந்தவள், பாட்டியால் வளர்க்கப்படுகிறவள். பதினைந்து வயது நிறைந்தால்தான் நீர்மட்டத்துக்கு ஏறி வர அனுமதி. அவள் முதன்முதலாகக் கப்பலில் பார்க்கும் இளவரசனுக்கு அன்று பிறந்தநாள். வயது பதினாறைப் பெரிதாகத் தாண்டியிருக்காது என்கிறார் ஆண்டர்சன். ஆகவே இளையோர் நாவலுக்காக வயதைக் குறைத்தோமே, கூட்டினோமே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கதை தொடக்கத்திலிருந்தே அந்த வயதினருடையதுதான்.

இனி, அவள் கேட்டது என்ன என்ற விஷயத்துக்கு வருகிறேன். இளவரசனைக் காப்பாற்றிக் கரையில் சேர்த்துவிட்டுத் திரும்பியபின் அவள் பாட்டியிடம் கேட்கும் கேள்வி காதலைப் பற்றியது அன்று. கடலில் மூழ்கிச் சாகாவிட்டால் மனிதர்கள் என்றென்றும் வாழ்வார்களா என்றுதான் கேட்கிறாள். பாட்டி சொல்லும் விடையில்தான் முழுக்கதையும் சுருண்டு கிடக்கிறது: மனிதர்களும் சாகிறார்கள், அவர்கள் ஆயுள் நம்முடையதைவிடக் குறைவு, நாம் முந்நூறு ஆண்டுகள் வாழ்கிறோம், ஆனால் முடிந்தபின் கடல்நுரையாகிப் போகிறோம், நமக்கு அன்பானவர்கள் நடுவே ஒரு கல்லறைகூட நமக்கில்லை, மனிதர்களுக்கோ உடல் மண்ணான பிறகும் வாழ்கிற ஆன்மா இருக்கிறது. இதைக் கேட்ட சிறுமி, ஒரே ஒரு நாள் மனுஷியாக இருந்து அந்த மேலுலகில் பங்கு பெற முடியுமானால் என் முந்நூறு ஆண்டுகளையும் கொடுத்துவிடுவேன் என்கிறாள். இளவரசன்மேல் அவளுக்குக் காதல் இருப்பது உண்மை. ஆனால் அவன் அவளுக்கு ஒரு வாசலும்கூட. ஒரு மனிதன் தன் தாய் தந்தையைவிட அவளைப் பெரிதாக நினைத்து மணந்துகொண்டால் அவனுடைய ஆன்மா அவளுக்குள்ளும் வழிந்து வரும் என்பது பாட்டி சொன்ன விதி.

அந்த விதியை ஆண்டர்சன் புதிதாக உண்டாக்கவில்லை. நீரில் வாழும் மாயப்பிறவிகளுக்கு ஆன்மா கிடையாது, மனிதரை மணந்தால் கிடைக்கும் என்பது பதினாறாம் நூற்றாண்டு மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸ் எழுதிவைத்த கருத்து. அதை எடுத்துக்கொண்டு ஜெர்மானிய எழுத்தாளர் ஃபூக்கே 1811-இல் 'உண்டினே' என்ற குறுநாவலை எழுதினார். அதில் நீர்ப்பெண் திருமணத்தின் மூலம் ஆன்மா பெறுகிறாள். ஆண்டர்சனுக்கு இது பிடிக்கவில்லை. கதை அச்சேறுவதற்குச் சில வாரங்கள் முன், 1837 பிப்ரவரியில், தம் நண்பரும் எழுத்தாளருமான இங்கெமானுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் உயிர் ஆன்மா பெறுவதும் பெறாததும் இன்னொருவரின் அன்பைப் பொறுத்திருப்பது சரியன்று, அது வெறும் தற்செயல் ஆகிவிடும், ஆகவே தம் கடற்கன்னியை வேறு வழியில் போகவிட்டதாக விளக்கியிருக்கிறார். இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். காதல் கதை என்று உலகமே கொண்டாடும் ஒன்றை எழுதியவர், ஒரு பெண்ணின் கதி ஓர் ஆணின் விருப்பத்தில் தொங்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். மறுபுனைவுகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறான திசையில் போவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு இதைப் புரிந்துகொண்டவர். 1891-இல் அவர் எழுதிய மீனவனும் அவன் ஆன்மாவும் பற்றிய கதையில் விருப்பத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்: அங்கே மீனவன் கடற்கன்னியோடு வாழ்வதற்காகத் தன் ஆன்மாவை அறுத்து எறிகிறான். மாற்றியது அந்த ஒன்றைத்தான், ஆனால் கதை முற்றிலும் புதியதாகிவிட்டது. கடலின் நிறத்தையும் வாலின் செதில்களையும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, யார் எதை விரும்பி எதைக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கை மாற்றுவதுதான் மறுபுனைவு.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு தனிச்சிக்கல் உண்டு. 'உயிர்' என்ற நம் சொல் புல்லுக்கும் பொருந்தும், புழுவுக்கும் பொருந்தும். தொல்காப்பியமே ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிவிட்டது. ஆகவே பேசவும் பாடவும் அழகாகத் தோட்டம் போடவும் தெரிந்த ஒருத்திக்கு உயிர் இல்லை, ஆன்மா இல்லை என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு அது ஒட்டாது. இவளுக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டுவிடும். பழைய மொழிபெயர்ப்புகள் 'அழியாத ஆன்மா' என்று போட்டுக் கடந்துவிடும், ஆனால் நாவலுக்கு அது போதாது. என் யோசனை, பாட்டி சொன்னதில் இருக்கும் இன்னொரு சொல்லைப் பிடித்துக்கொள்வது: கல்லறை. கடல்மக்கள் செத்தால் நுரை. நுரையை யாரும் போய்ப் பார்க்க முடியாது, அதன்முன் நின்று அழ முடியாது, பெயரைப் பொறித்து வைக்க முடியாது. இறந்தபின் நினைக்கப்படுவதற்கு ஓர் இடம் என்பதுதான் மனிதர்களிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது என்று வைத்துப் பாருங்கள். தாயை இழந்த பெண்ணுக்கு அது எவ்வளவு கூர்மையான ஆசை! அவளுடைய தாய் நுரையாகிப்போன இடத்தைக் கடலில் யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. கரையில் முதன்முதலாக ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கும் காட்சி இளவரசனைப் பார்க்கும் காட்சியைவிடக் கனமாக அமைய வாய்ப்பிருக்கிறது. இது ஒரு வழிதான். வேறு ஒன்றும் உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஒன்று வேண்டும், அதுவும் இளவரசன் இல்லாமலே நிற்கக்கூடியதாக வேண்டும்.

அடுத்தது, மனுஷியாகக் கால்கள் வேண்டிச் சிறுமி போய்ப் பார்க்கும் கடற்சூனியக்காரி. மூலத்தில் அவள் பொய்யே சொல்வதில்லை. மூழ்கிச் செத்த மனிதரின் எலும்புகளால் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் வாயிலிருந்து ஒரு தேரைக்கு உணவூட்டிக்கொண்டிருக்கிறாள். சிறுமி வாய் திறக்கும் முன்பே, நீ எதற்கு வந்தாய் என்று தெரியும், இது முட்டாள்தனம், ஆனாலும் நடக்கும், ஏனென்றால் இது உனக்குத் துன்பத்தையே கொண்டுவரும் என்கிறாள். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறாள்: கால் கிடைக்கும், ஆனால் ஒவ்வோர் அடியும் கூரிய கத்தியை மிதிப்பதுபோல் இருக்கும், மறுபடி கடற்கன்னியாக முடியாது, அவன் வேறொருத்தியை மணந்தால் மறுநாள் காலையில் நெஞ்சு வெடித்து நுரையாவாய், கூலியாக உன் குரலைத் தர வேண்டும். மருந்தில் கலக்கத் தன் மார்பைக் கீறிக் கறுத்த இரத்தத்தைச் சொட்டவிடுகிறாள். அவளும் அதில் தன் பங்கைச் செலுத்துகிறாள் என்பதைக் கவனியுங்கள். சிறுமியின் நாக்கை அறுத்தெடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறாள். அதன்பின் அவள் கதைக்குக் குறுக்கே வருவதே இல்லை. சகோதரிகளுக்குக் கத்தி கொடுத்தவள் அவள்தான் என்று மட்டும் பிறகு தெரிகிறது.

இளையோர் நாவலில் வில்லி வேண்டும் என்று நினைத்து இவளைச் சதிகாரியாக்குவது எளிது. அப்படிச் செய்தால் நாயகி ஏமாற்றப்பட்டவள் ஆகிவிடுகிறாள், அவளுடைய தேர்வின் கனம் போய்விடுகிறது. எல்லாம் தெரிந்தே கையெழுத்துப் போட்டவளின் கதைதான் பதினைந்து, பதினேழு வயதில் உறைக்கும். அந்த வயதில் யாரும் எச்சரிக்காமல் விடுவதில்லை. எல்லோரும் எச்சரித்தும் போகிறோம். அதனால் சூனியக்காரியைக் கெட்டவள் ஆக்காதீர்கள், நேர்மையானவள் ஆக்குங்கள். பயம் கூடும்.

இப்போது நீங்கள் அதிகம் கவலைப்படும் இடம்: பேச முடியாத நாயகி. கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இந்தக் கதையின் மறுபுனைவுகள் சில என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இருபது பக்கங்களுக்குள் ஏதாவது ஒரு தந்திரத்தால் அவளுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன: மனத்தோடு மனம் பேசும் சக்தி, இரவில் மட்டும் திரும்பும் குரல், மந்திரச் சங்கு. எழுதுகிறவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. உரையாடல் இல்லாமல் நாவல் நகராது என்ற பயம். உண்மையில் உரையாடல் குறைவதில்லை, ஒருபக்கமாகிறது. அவள் பேசாததால் எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் அவளுடைய மௌனத்தில் தங்களுக்கு வேண்டியதை ஊற்றிக்கொள்கிறார்கள். இளவரசனுக்கு அவள் 'கண்டெடுத்த குழந்தை', அவன் அறை வாசலில் வெல்வெட் மெத்தையில் உறங்க அனுமதி பெற்றவள். அவன் அவளிடம் மனம்விட்டுப் பேசும் இடத்தைப் பாருங்கள்: கப்பல் உடைந்தபோது என்னைக் கரையில் கண்டு காப்பாற்றிய ஒரு பெண் இருக்கிறாள், உலகத்தில் நான் நேசிக்கக்கூடியவள் அவள் ஒருத்தியே, நீ அவளைப்போல இருக்கிறாய் என்கிறான். தான் செய்த காரியத்தை இன்னொருத்தி செய்ததாக, தன்னிடமே, நன்றியோடு சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான்தான் அது என்ற இரண்டு சொற்கள் அவளிடம் இல்லை. இதற்கு மேல் எந்த உரையாடல் வேண்டும்?

தன்மையில், 'நான்' என்று அவளே சொல்வதாக, எழுதுகிறீர்கள் என்றால் வாசகனுக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், அறையில் இருக்கும் மற்றவர்களுக்குத்தான் கேட்காது. இந்த இடைவெளியே நாவலை இழுத்துச் செல்லும். எடுத்துக்காட்டாக, மூலத்தில் யாருக்கும் பெயரில்லை என்பதை இப்படிப் பயன்படுத்திப் பார்க்கலாம்:

"உன் பெயர் என்ன?" என்று கேட்டான். பிறகு, கேட்டது தவறு என்று உணர்ந்தவன்போல, தானே ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினான். நான் தலையை அசைத்துக்கொண்டே வந்தேன். என் பெயரைக் காற்றில் சொல்ல முடியாது. அது மூன்று தாழ்ந்த ஒலிகளும் அவற்றுக்கு நடுவே நீர் அமைதியாகும் ஒரு கணமும் சேர்ந்தது. பன்னிரண்டாவது பெயரைச் சொன்னபோது விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் எல்லோரும் எழுந்து போகக் காத்திருந்தார்கள். நின்று நின்று என் பாதங்கள் எரிந்தன. நான் தலையாட்டினேன். அவன் கைதட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து நான் அந்தப் பன்னிரண்டாவது பெயர்.

இதில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் இருவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது.

எழுதிக்காட்டலாமே என்ற கேள்வியை எந்த வாசகனும் கேட்பான், கேட்க வேண்டும். ஆண்டர்சன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தேவதைக் கதையில் அது செல்லும், நாவலில் செல்லாது. (அந்த அனிமேஷன் படத்தில் நாயகி ஒப்பந்தத்தில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டு, பிறகு படம் முழுக்க இளவரசனுக்கு ஒரு வரி எழுதிக்காட்டத் தோன்றாமல் இருப்பாள்.) கடலடியில் எழுத்து எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மை கரைந்துவிடும், தாள் நைந்துவிடும். சிப்பியில் கீறலாம், கயிற்றில் முடிச்சுப் போடலாம். அவள் எழுத்தறிவில்லாதவள் அல்லள், வேறொரு எழுத்தை அறிந்தவள் என்று வைத்தால் கேள்விக்கு விடையும் கிடைக்கும், கதைக்கு ஒரு பொருளும் கிடைக்கும். சைகைமொழிக்கும் இதே வழிதான். அவளுடைய கைமொழியைக் கற்றுக்கொள்ள யார் மெனக்கெடுகிறார்கள் என்பதே காதலையும் நட்பையும் அளக்கும் கோலாகிவிடும். இளவரசன் நாலு சைகையோடு நிறுத்திக்கொள்ள, குதிரைலாயத்துப் பெண்ணொருத்தி ஒரே மாதத்தில் சண்டை போடுமளவு கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவல் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பேச முடியாமை என்பதை அவளுடைய குறையாகவோ, கடைசியில் குணமாக வேண்டிய நோயாகவோ எழுதாதீர்கள். படிக்கிறவர்களில் பேச இயலாதவர்களும் இருப்பார்கள்.

வலியும் அப்படியே. ஆண்டர்சன் அதை மிக முன்பே விதைத்துவிடுகிறார். பதினைந்தாம் பிறந்தநாளன்று பாட்டி அவளுடைய பதவிக்கு அடையாளமாக எட்டுப் பெரிய சிப்பிகளை வாலில் கவ்வ வைக்கிறாள். வலிக்கிறது என்கிறாள் பெண். அலங்காரம் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறாள் பாட்டி. கத்திமேல் நடப்பது அவளுக்குப் புதிய பாடமன்று, வீட்டிலேயே கற்றுக்கொடுக்கப்பட்டதுதான். பின்னால் இளவரசன் அவளுக்கு ஆண்பிள்ளை உடை தைத்துக்கொடுத்துக் குதிரையில் காட்டுக்குக் கூட்டிப் போகிறான். மலை ஏறும்போது அவள் பாதங்களில் இரத்தம் கசிவது மற்றவர்களுக்கே தெரிகிறது, அவள் சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். இரவில் எல்லோரும் உறங்கியபின் அகலமான பளிங்குப் படிகளில் இறங்கி, எரியும் பாதங்களைக் குளிர்ந்த கடல்நீரில் வைத்துக்கொண்டு, ஆழத்தில் இருப்பவர்களை நினைக்கிறாள். என்னைக் கேட்டால் கதையிலேயே அழகான இடம் அந்தப் படிக்கட்டுதான். இரண்டு உலகங்களும் கணுக்காலளவு நீரில் சந்திக்கின்றன. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த நம் இலக்கணக்காரர்கள் இதைப் படித்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

உலகை உருவாக்குவது பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மிகுபுனைவு என்றதும் பலர் இங்கேதான் நூறு பக்கம் செலவழிக்கிறார்கள். அரசியல் வரைபடம், ஏழு கடல்களின் ஏழு அரச குலங்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடலின் இயற்பியலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே வேண்டிய மாயத்தைத் தரும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் 340 மீட்டர் அளவுதான். நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. கடலில் தொலைவிலிருந்து வரும் குரல்களோடு வளர்ந்தவளுக்குக் கரையில் எல்லா ஓசையும் தாமதமாக, மெலிந்து வருவதுபோல் தோன்றும். செவிடாகிவிட்டோமோ என்றுகூட அஞ்சுவாள். பத்து மீட்டர் இறங்குவதற்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அணைப்பு முழுதும் விலகிப்போனதும் உடம்பு எப்படி உணரும்? ஒளியில் சிவப்புதான் முதலில் கரைகிறது. மேலிருந்து பத்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். 200 மீட்டருக்குக் கீழே மங்கல், ஆயிரத்துக்குக் கீழே சூரிய ஒளியே இல்லை. ஆண்டர்சனின் சிறுமியோ தன் தோட்டத்தை வட்டமாக வெட்டி, சூரியனைப்போல் சிவந்து ஒளிரும் பூக்களை மட்டுமே வளர்க்கிறாள். உண்மையான கடலாழத்தில் அந்தப் பூக்கள் கறுப்பாகத்தான் தெரியும். இதைப் பிழை என்று தள்ளாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: சிவப்பு என்பதைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, அவள் கண்டதில்லை. முதன்முதலாக அவள் சிவப்பைக் காண்பது நீர்மட்டத்தில், மாலைச் சூரியனில். இரண்டாம் முறை, கரையில், தன் பாதத்தடியில்.

துணைப்பாத்திரங்களில் சகோதரிகளை விட்டுவிடாதீர்கள். ஐந்து அக்காமாரும் அவரவர் பதினைந்தாம் வயதில் மேலே போய் என்ன பார்த்தோம் என்று வந்து சொல்லும் பகுதியை மறுபுனைவுகள் பெரும்பாலும் வெட்டிவிடுகின்றன. ஒருத்தி மணல்திட்டில் படுத்து நகரத்தின் விளக்குகளைப் பார்க்கிறாள். ஒருத்தி துணிந்து ஆற்றில் ஏறிப்போய், குளிக்கும் குழந்தைகளோடு விளையாட நினைத்து, நாய் குரைத்ததும் பயந்து ஓடிவருகிறாள். குளிர்காலத்தில் பிறந்தவள் பனிப்பாறை மேல் அமர்ந்து புயலில் கூந்தலைப் பறக்கவிடுகிறாள். எல்லோருக்கும் ஒரு மாதத்தில் மேலுலகம் சலித்துவிடுகிறது, வீடே நல்லது என்கிறார்கள். கடைசியாளுக்கு மட்டும் சலிக்கவில்லை. ஐந்து பேரிடமிருந்து அவளை வேறுபடுத்தும் இந்த ஒன்றை வாசகன் நம்பினால்தான் பின்னால் நடப்பதை நம்புவான். கடைசியில் அவளைக் காப்பாற்றத் தங்கள் கூந்தலை அறுத்துச் சூனியக்காரிக்குக் கொடுத்துக் கத்தி வாங்கி வருபவர்களும் அவர்களே. பாட்டி துக்கத்தில் வெண்முடி முழுதும் உதிர்ந்துபோய் இருக்கிறாள் என்றும் சொல்கிறார்கள். அன்பு இந்தக் கதையில் இளவரசனிடம் இருப்பதைவிட அங்கேதான் அதிகம் இருக்கிறது.

கடைசியில் இளவரசன் மணக்கும் பெண் மூலத்தில் கெட்டவள் அல்லள். கல்விக்காகத் திருத்தலத்தில் தங்கியிருந்தவள், மயங்கிக் கிடந்தவனைக் கண்டவள், அவ்வளவுதான். அவளை வேடமிட்ட சூனியக்காரியாக்குவது பழைய தந்திரம். இரண்டு நல்ல பெண்களும் கவனமில்லாத ஒரு பையனும் என்று விட்டுவிடுங்கள், அது அதிகம் வலிக்கும். இன்னொரு பக்கமும் திறந்திருக்கிறது: ஆண்டர்சன் தம் நண்பர் எட்வர்ட் காலின்மேல் கொண்டிருந்த ஆழ்ந்த, திருப்பிக் கிடைக்காத பற்றையும், 1836-இல் காலின் திருமணம் செய்துகொண்டதையும் இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வாளர்கள் பலர். சொல்ல முடியாத அன்பைப் பற்றிய கதை என்று அதைப் பார்த்தால், மௌனத்துக்கு வேறொரு பொருள் வருகிறது. உங்கள் நாயகியின் மனம் யாரை நாடுகிறது என்பதை முடிவுசெய்யும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

உரிமை பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. ஆண்டர்சன் 1875-இல் இறந்தார். அவர் எழுதிய கதை இன்று பொதுவுடைமை, யாரும் தழுவி எழுதலாம். ஆனால் அண்மைக்கால மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு, அவற்றின் வாக்கியங்களை எடுத்தாளக் கூடாது. அனிமேஷன் படம் உண்டாக்கிய பெயர்கள், பாட்டுக்கார நண்டு, எட்டுக்கால் மீனுடல் கொண்ட சூனியக்காரி, பாடல்கள் எல்லாம் டிஸ்னி நிறுவனத்துடையவை. மூலத்தில் இவை எதுவும் இல்லாததால், மூலத்திலிருந்தே எழுதினால் சிக்கல் வராது.

முடிவுக்கு வருவோம். கடற்கன்னி நுரையாகி, பிறகு காற்றின் மகளாக மாறி, முந்நூறு ஆண்டுகள் நற்செயல் செய்தால் ஆன்மா பெறுவாள் என்று ஆண்டர்சன் முடித்தார். பின்னால் ஒட்டவைத்த முடிவு என்று பலர் குறை சொல்வார்கள். கதைக்கு அவர் முதலில் நினைத்திருந்த தலைப்பே 'காற்றின் மகளிர்' என்பதால், அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. நல்ல பிள்ளையைக் கண்டால் தவணையில் ஓராண்டு குறையும், கெட்ட பிள்ளையைக் கண்டு அழுதால் ஒரு நாள் கூடும் என்று கடைசியில் சேர்த்திருக்கும் மிரட்டல் மட்டும் எனக்கும் பிடிக்காது. அதை நீங்கள் தயங்காமல் விட்டுவிடலாம்.

மகிழ்ச்சியான முடிவு வைக்கலாமா என்றால், வைக்கலாம். விலையை மட்டும் திருப்பித் தராதீர்கள். அனிமேஷன் படத்தில் நடப்பதுபோல், சூனியக்காரியின் கழுத்தில் தொங்கிய சங்கு உடைந்து குரல் பறந்து வந்து சேர்ந்தால், அவள் கொடுத்தது கூலி அன்று, கடன் என்றாகிவிடும். அவள் ஆசைப்பட்டது கல்லறை என்றால் அதையும், நினைக்கப்படுவது என்றால் அதையும் அவள் அடையட்டும். குரல் போனது போனதாகவே இருக்கட்டும். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காதல் கைகூடாததால் கடலில் குதித்தாள் என்று ஒரு வரியில் சுருங்கிவிடும்படி எழுதிவிடாதீர்கள். படிப்பவர்கள் அந்த வயதில் இருக்கிறார்கள், சாவை அழகாக்கிக் கொடுப்பது சரியில்லை. மூலத்திலேயே அவள் குதிப்பதற்கு முன் வேறொன்று நடக்கிறது, உச்சம் அதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாவலில் முதலில் எழுதுவது அந்தக் காட்சியைத்தான், முதல் அத்தியாயத்தை அன்று. கப்பலில் மணமக்கள் உறங்கும் கூடாரத்தின் சிவந்த திரையை விலக்குகிறாள். சூரியன் எழும் முன் கத்தியை அவன் நெஞ்சில் இறக்க வேண்டும், அந்த இரத்தம் அவள் பாதங்களில் பட்டால் மறுபடி வால் வளரும், வீட்டுக்குப் போகலாம், மிச்ச ஆயுளையும் வாழலாம். கத்தியைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள். அவன் தூக்கத்தில் மனைவியின் பெயரைச் சொல்கிறான்; அந்தப் பெயர் என்னவென்று ஆண்டர்சன் நமக்குச் சொல்வதில்லை. கத்தி அவள் கையில் நடுங்குகிறது, அப்புறம் தூர எறிகிறாள், அது விழுந்த இடத்தில் அலைகள் சிவந்து மின்னுகின்றன. அவள் ஏன் எறிந்தாள் என்பதற்கு உங்கள் நாயகி மட்டும் சொல்லக்கூடிய காரணம் ஒன்றை, பேச்சில்லாமல், இரண்டு பக்கத்தில் எழுதிவிடுங்கள். அது கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி நடந்து சிப்பிகள் வாலைக் கவ்விய நாள் வரை போக வழி தெரியும். எழுதும்போது இன்னொன்றையும் கையில் வைத்திருங்கள்: கடற்கன்னிகளுக்குக் கண்ணீர் கிடையாது, அதனால்தான் அவர்களுக்குத் துன்பம் அதிகம் என்று தொடக்கத்தில் சொன்ன ஆண்டர்சன், உடல் கரைந்து காற்றாகி எழுந்த பிறகு, அவள் சூரியனை நோக்கிக் கைகளை உயர்த்தும்போது, முதன்முதலாகத் தன் கண்களில் நீர் கோத்ததை உணர்ந்தாள் என்று எழுதியிருக்கிறார்.